ஒரு தடவைதான் கேட்டேன்

1

ஜெசிந்தா வேலையை விட்டுப் போகிறார் என்கிற கடிதம் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. ராட்டர்டாமில் எட்டரை மணிக்கும் முழுதாக விடியாத பருவம். சைக்கிளில் நனைந்துகொண்டே வந்து, கையுறையைக் கழற்றி ஹீட்டர் மேல் காயப்போட்டுவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தால் மூன்று வரி. சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன். விதிப்படி ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போகிறேன். இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி.

ஏழு வருடம் தினமும் பேசிய ஒருவர் மூன்று வரியில் முடித்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று வரியை நாலு தடவை படித்தேன்.

நான் வேலை பார்ப்பது சரக்குக் கப்பல்களுக்கான காகித வேலையைச் செய்துதரும் ஒரு நிறுவனத்தில். கப்பலில் ஏறும் ஒவ்வொரு கண்டெய்னருக்கும், உள்ளே என்ன இருக்கிறது, யாருடையது, எங்கே போகிறது என்று ஒரு கத்தைக் காகிதம் வேண்டும். கையெழுத்து போடுவது ராட்டர்டாமில் நாங்கள். அத்தனையையும் தயாரிப்பது தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் பதினோரு பேர். அவர்களில் மூத்தவர் ஜெசிந்தா. பட்டினப்பாக்கத்துப் பெண். அவர் பார்த்து அனுப்பிய காகிதத்தில் ஒரு எண் தவறி நான் கண்டதில்லை.

எதிர் மேசையில் இருக்கும் என் மேலதிகாரி மார்லூஸ், கடிதத்தைப் படித்துவிட்டு, "ஏன் போகிறார்?" என்று கேட்டார். சொந்தக் காரணமாம் என்றேன். "அது தபால் உறை மேல் எழுதுவது. உள்ளே என்ன? அவர்கள் மொழி தெரிந்தவன் நீதானே?" என்றார். டச்சுக்காரர்கள் இப்படித்தான் கேட்பார்கள். குத்துவதற்காகக் கேட்பதில்லை. ஆனால் குத்தும்.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். பர்சனல்தான்."

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் இல்ல சார். எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு கீது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அலுவலகத்தில் ஜெசிந்தா பேசுவது இஸ்திரி போட்ட தமிழ். கோபம் தலைக்கேறினால் மட்டும்தான் வீட்டுத் தமிழ் வெளியே வரும். ஏழு வருடத்தில் இரண்டு முறை கேட்டிருக்கிறேன், இரண்டு முறையும் வேறு யார் மேலோ இருந்த கோபம். இந்த முறை லைனில் நான் மட்டும்தான் இருந்தேன்.

இந்த டிசம்பரோடு நான் சென்னையை விட்டு வந்து பதினாறு வருடம். வருடா வருடம் அந்தத் தேதிக்கு வீட்டில் பாயசம் வைப்போம், கொண்டாட்டமா துக்கமா என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. இந்த வருடம் அந்தத் தேதியில் சென்னையிலேயே இருப்பது என்று நானும் மகள் நிலாவும் ஏற்கெனவே டிக்கெட் போட்டிருந்தோம். ஜெசிந்தாவின் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னால் போய் இறங்குவோம். நேரில் பேசி அவரை நிறுத்திவிடலாம் என்று மார்லூஸிடம் சொன்னேன்.

2

என் வேலைக்கு அதிகாரபூர்வமாக ஒரு பெயர் உண்டு. உண்மையில் நான் பார்ப்பது மொழிபெயர்ப்பு வேலை. ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு. தி. நகர்க்காரர்கள் எழுதும் ஆங்கிலத்தை ராட்டர்டாம்காரர்களுக்கும், இவர்கள் எழுதுவதை அவர்களுக்கும் விளக்குவது.

உதாரணத்துக்கு, ஜெசிந்தா "ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பித்தால், நீங்கள் பெரிய தப்பு செய்திருக்கிறீர்கள் என்று பொருள். மேலதிகாரியின் முகத்துக்கு நேரே "தப்பு" என்று சொல்ல நம்மவர்களுக்கு நா எழாது. "அவர் சந்தேகம் என்றால் கப்பலை நிறுத்துங்கள்" என்று டச்சுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இதையெல்லாம் தொகுத்து, சென்னை அலுவலகத்தைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். கைதட்டினார்கள். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஆனால் நானே இந்த ஊரைப் புரிந்துகொள்ள அடிபட்டுத்தான் கற்றேன். வந்த முதல் குளிர்காலத்தில் ஹென்க் என்ற சக ஊழியர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் பட்டாணி சூப் ஆவி பறந்துகொண்டிருந்தது. சாப்பிடுகிறாயா என்று கேட்டார். பசி காதை அடைத்தது. "இல்லை, பரவாயில்லை" என்றேன். நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளை வேறென்ன சொல்லும்? "சரி" என்று சொல்லிவிட்டு அவர்கள் நாலு பேரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்பதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நான் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஹென்க் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னதை அவர் நம்பினார்.

அடுத்த அடி அரசாங்க அலுவலகத்தில். என் குடியிருப்பு அனுமதிக்குப் போனபோதே மனைவியை அழைத்துக்கொள்ளவும் விண்ணப்பிக்க நினைத்திருந்தேன். என் சொந்தக் காகிதங்களைச் சரிபார்த்து முடித்ததும் கவுண்டரில் இருந்த அம்மாள், "வேறு ஏதாவது உண்டா?" என்றார். பின்னால் வரிசை நிற்கிறதே, உடனே ஆரம்பித்தால் நன்றாயிருக்குமா என்று "ஒன்றும் இல்லை" என்று இழுத்தேன். இழுத்தால் இன்னொரு தடவை கேட்பார், அப்போது மனைவி பேச்சை எடுக்கலாம் என்று கணக்கு. அவர் அடுத்த எண்ணை அழைத்துவிட்டார். மறுபடி நேரம் கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் என் மனைவி அசோக் நகரில் என் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, கவுண்டரில் நான் வாயைத் திறக்காத கதையைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து மாறினேன். வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம். ஒரு கேள்வி, ஒரு பதில். இது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஊரிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வேன். என் மனைவி மட்டும் ஒரு நாள், "நீங்க நேர்மையா பேசறீங்க, சரி. எதிர்ல இருக்கறவங்களும் அப்படித்தான் பேசறாங்கன்னு யார் சொன்னா?" என்றாள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

3

அக்கா வீட்டில் இறங்கிய மறுநாள் மாலை வாழைக்காய் பஜ்ஜி. நிலாவுக்குப் பதினான்கு வயது. ராட்டர்டாமில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், அதற்குள் டச்சு நியாயம்தான் இருக்கும். இரண்டு பஜ்ஜி தின்றுவிட்டு, "போதும் அத்தை" என்றாள். அக்கா இன்னும் இரண்டு வைத்தாள். நிலா தட்டைத் தள்ளி, "நான் போதும்னு சொன்னேன் அத்தை. ஏன் திரும்பத் திரும்ப வைக்கறீங்க? நான் சொல்றது உங்களுக்கு முக்கியம் இல்லையா?" என்றாள்.

அக்கா கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள், கண் கலங்கியிருந்தது.

"அவ அந்த ஊர்ல வளந்தவக்கா. மனசுல வச்சுக்காத."

"அவள நான் சொல்லலடா. கொழந்த அவ. ஆனா ஒண்ணு சொல்றேன். வந்தவங்க வேணாம்னா, சரின்னு ஒரே தடவைல தட்டை எடுத்துட்டா என்னடா அர்த்தம்? எப்படா வேணாம்னு சொல்லுவாங்கன்னு இருந்தோம்னுதான அர்த்தம்? ரெண்டாவது தடவ கேட்டாத்தாண்டா மொதல்ல கேட்டது உண்மை."

அவள் என்னைக் குறிவைத்துச் சொல்லவில்லை. ஜெசிந்தா என்று ஒருவர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆனால் எனக்கு அந்த அடுப்படியிலேயே ஜெசிந்தாவோடு பேசிய ஒரு ஃபோன் ஞாபகம் வந்தது.

ஜூன் மாதம். வெள்ளிக்கிழமை, சென்னையில் அலுவலகம் முடிகிற நேரம். தி. நகர் அலுவலகத்துக்கு ஒரு டீம் லீடர் போட அனுமதி வந்திருந்தது. முதலில் மூத்தவரைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். "டீம் லீடர் போஸ்ட் வந்திருக்கு. நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"அய்யோ, எனக்கு எதுக்கு சார்? வேற யாருக்காவது குடுங்க" என்றார் ஜெசிந்தா. குரலில் சிரிப்பு இருந்தது.

என் முன்னால் இருந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள்: ஏற்றார், மறுத்தார். இரண்டாவதில் குறி போட்டேன். ஜெசிந்தா ஃபோனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஹலோ, லைன்ல இருக்கீங்களா? கட் ஆயிடுச்சா?" என்றேன். "இருக்கேன் சார்" என்றார். "சரி, நல்ல வீக் எண்ட்" என்று வைத்துவிட்டேன். திங்கட்கிழமை பிரசன்னாவைக் கேட்டேன். மூன்று வருடம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவன், வேலை கற்றுக்கொடுத்ததே ஜெசிந்தா. நான் கேள்வியை முடிப்பதற்குள் சரி என்றான்.

அக்கா வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் நிலாவிடம் இதைச் சொன்னேன், யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. "அவங்க வேண்டாம்னு சொன்னாங்க. நீங்க அதை மதிச்சீங்க. இதுல என்னப்பா தப்பு?" என்றாள். அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. பதினாறு வருடம் பாடுபட்டு நான் போய்ச் சேர்ந்த இடத்தில் அவள் பிறக்கும்போதே இருக்கிறாள். அதை நினைத்தால் பெருமையாக இருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது.

அப்போதே மார்லூஸை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேண்டும் என்று நினைக்கிறவர் எதற்கு வேண்டாம் என்கிறார்?" என்றார். விளக்க முயன்றேன். பாதியில் அவரே நிறுத்தி, "எனக்குப் புரியவில்லை, ஆனால் உனக்குப் புரிந்திருக்க வேண்டும்" என்றார். பிரசன்னாவோடு இன்னொரு லீடராக ஜெசிந்தாவைப் போடலாம், கடிதம் அனுப்புகிறேன், அடுத்த புதன்கிழமை அவருடைய கடைசி நாள், அதற்குள் பதில் வாங்கு என்றார்.

4

வியாழக்கிழமை தி. நகர் அலுவலகத்துக்குப் போனேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிரசன்னா ஓடிவந்து கை கொடுத்தான். ஜெசிந்தாவும் எழுந்து, "வாங்க சார், பயணம்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்றார். ஒரு குறை சொல்ல முடியாத வரவேற்பு. சிரித்தது வாய் மட்டும்தான். அவர் மேசையில், பொறுப்பை ஒப்படைப்பதற்கான குறிப்புகள் தலைப்புவாரியாக அடுக்கியிருந்தன. தனக்குப் பின்னால் யாரும் ஒரு சந்தேகம் கேட்டு ஃபோன் செய்ய வேண்டியிருக்கக் கூடாது என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"ஜூன் மாசம் நான் ஃபோன்ல கேட்டேனே, அதுதானா ஜெசிந்தா?"

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு சார்."

"உங்களுக்கு அது வேணும்னு இருந்துச்சா?"

"நீங்க கேட்டீங்க. நான் சொன்னேன். நீங்க எழுதிக்கினீங்க. அவ்ளோதான் சார்."

"வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்ட உடனே வேணும்னு சொன்னா, இதுக்குன்னே வாயப் பொளந்துகினு காத்திருந்தா மாதிரி இருக்காதா சார்?"

"காத்திருந்தீங்களா?"

"நாலு வருஷமா."

கையில் இருந்த டிபன் பாக்ஸை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினார். கிண்டியில் ஒரு கம்பெனிக்குப் போகிறாராம். அங்கேயும் இதே வேலைதான், பதவி ஏதும் இல்லை.

நான் அப்போதே விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். மார்லூஸ் அனுப்பிய கடிதம் ஃபோனில் இருந்தது. ஆனால் அக்கா வீட்டு அடுப்படியில் கிடைத்த ஞானம் என்னைச் சும்மா விடவில்லை. ஃபோனில் ஒரு வரியில் கேட்டதுதானே அவமானமாகிப் போனது? இந்த முறை முறையாகச் செய்ய வேண்டும். கடிதத்தை நல்ல தாளில் அச்சடித்து, பழம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கே போய், பெற்றவர் முன்னால் கொடுக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரேன். அம்மாவப் பாக்கணும்" என்றேன்.

"வீட்டுக்கெல்லாம் வேணாம் சார்."

"பரவால்ல, வரேன்."

"இல்ல சார், வேணாம். உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"எனக்கு ஒரு அலைச்சலும் இல்ல. கண்டிப்பா வரேன்."

"வேணாம் சார், ப்ளீஸ்."

மூன்று தடவை மறுத்தார், மூன்று தடவையும் நான் விடவில்லை. படி இறங்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பழைய ஆளாகிவிட்டேன், ஊர் வழக்கம் இரத்தத்தில் இருக்கிறது, எங்கேயும் போய்விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு விலாசம் அலுவலகப் பதிவேட்டில் இருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆட்டோவில் போய் இறங்கினேன். பட்டினப்பாக்கத்தில் ஹவுசிங் போர்டு குடியிருப்பு, இரண்டாவது மாடி. கதவு திறந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜெசிந்தாவின் தாயார் பிலோமினா. முப்பது வருடமாக மீன் விற்கிறவர். கையில் ஆப்பிள் பையோடு நின்ற என்னைப் பார்த்ததும் ஏதோ விற்க வந்தவன் என்றுதான் நினைத்திருப்பார்.

"யாரு சார் நீ? இன்னா வோணும்?"

"ஜெசிந்தா ஆபீஸ்லருந்து வரேன்மா. வெளிநாட்டுல..."

"ஃபாரின் சாரா! அட, உள்ள வா சார். இன்னா அங்கியே நின்னுகினு கீற?"

கோயிலுக்குப் போய்விட்டு வந்த புடவையோடு ஜெசிந்தா உள்ளிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். வாங்க என்று சொல்ல இரண்டு விநாடி ஆயிற்று. அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"துன்னுறியா சார்? வஞ்சிரம் கொழம்பு கீது" என்றார் பிலோமினா.

"சாப்பிடறேம்மா" என்று உடனே சொன்னேன். அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் வீட்டுத் தட்டில் கை வைக்கத் தயங்குகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, நடுத்துண்டாகப் பார்த்து வைத்தார். உண்மையைச் சொல்கிறேன், வருடக்கணக்கில் அப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதில்லை. ஜெசிந்தா உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லேசாகத் தலையை ஆட்டினார். நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நானும் தலையை ஆட்டினேன்.

"எம் பொண்ணுக்கு ஆபீஸ்ல நல்ல பேருதான சார்?"

"அவங்க இல்லன்னா அந்த ஆபீஸே இல்லம்மா. அதனாலதான் நானே வந்திருக்கேன். வேலைய விட்டுப் போக வேணாம், அவங்கள லீடராக்கறோம்னு லெட்டர் கொண்டாந்திருக்கேன்."

பிலோமினாவின் கை குழம்புச் சட்டி மேல் நின்றது.

"இன்னா சார் சொல்ற? அவ லீடராயி ஆறு மாசம் ஆவுதே."

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி சொல்றாரு இவரு? வேலைய வுடுறியா?"

"அப்பறம் சொல்றம்மா. சார் சாப்புடட்டும்."

"மாதா கோயில்ல மெழுவத்தி ஏத்திட்டு வந்தேனேடி. மார்க்கெட்டுல அத்தினி பேராண்டையும் சொன்னேனே. கேசரி கிண்டிக் குட்த்தேனே வூட்டுக்கு வூடு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை, நான் ஃபோனை வைத்ததும் ஜெசிந்தா வீட்டுக்கு வந்து, என்னைத்தாம்மா கேட்டாங்க என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை இன்னொரு தடவை கேட்பார்கள், அப்போது சரி சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். அந்த இரண்டு நாளில் அம்மா ஊருக்கே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. ஆறு மாதமாக இந்த வீட்டில் லீடர், அங்கே பிரசன்னாவுக்குக் கீழே. வேறு கம்பெனிக்குப் போனால்தான் இந்தப் பொய்யிலிருந்து சத்தமில்லாமல் வெளியே வர முடியும். வீட்டுக்கு வராதீர்கள் என்று மூன்று முறை சொன்னது அதனால்தான், சற்றுமுன் தலையை ஆட்டியதும் அதனால்தான்.

திக்கித் திணறி நடந்ததைச் சொன்னேன். கேட்டது, அவர் மறுத்தது, நான் எழுதிக்கொண்டது. பிலோமினா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தினி தபா கேட்ட சார் எம் பொண்ண?"

"ஒரு தடவைதான்மா."

"எங்கிட்ட மீன் வாங்க வர்றவங்கோ கூட, இந்த வெலைக்குக் குடுக்க மாட்டேன்னு சொன்னா ரெண்டு தபா கேட்டுட்டுத்தான் சார் போவாங்கோ."

சொல்லிவிட்டு, இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தார். "நீ துன்னு சார்" என்றார். முகத்தில் முன்பு இருந்த மலர்ச்சி சுத்தமாக இல்லை. அந்தத் துண்டையும் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

6

வழியனுப்ப ஜெசிந்தா கீழே இறங்கி வந்தார். ஆட்டோ நின்றிருந்த இடத்துக்கு வந்ததும் திரும்பினார்.

"வூட்டுக்கு வராதீங்கன்னு மூணு தபா சொன்னேன் சார்."

"மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன்."

"வேணும்னு நெனச்சுகினு வேணாம்னு சொன்னா எழுதிக்கிறீங்கோ. நெஜமா வேணாம்னு சொன்னா வூட்டாண்ட வந்து நிக்கிறீங்கோ."

"எப்படிக் கண்டுபிடிக்கறது ஜெசிந்தா? எனக்கு நெஜமாவே தெரியல. அந்த ஊர்லயும் தப்பா போகுது, இந்த ஊர்லயும் தப்பா போகுது." நாற்பத்தாறு வயது ஆள், நடுத்தெருவில் அழப்போகிறேனோ என்று இருந்தது.

அவர் கொஞ்சம் யோசித்தார். கோபம் இல்லாமல்தான் கேட்டார்.

"பிரசன்னா வேணாம்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க சார்?"

"என்னது?"

"மொதல்ல அவனக் கேட்டு, அவன் 'எனக்கு எதுக்கு சார்'னு சொல்லியிருந்தா. இன்னொரு தடவ கேட்டிருப்பீங்களா, மாட்டீங்களா?"

பதில் எனக்கு உடனே தெரிந்தது. கேட்டிருப்பேன். ஏன்டா, என்ன யோசிக்கிறே என்று விரட்டியிருப்பேன். திங்கட்கிழமையும் கேட்டிருப்பேன், செவ்வாய்க்கிழமையும் கேட்டிருப்பேன். நான் படித்தது போன்ற பள்ளிக்கூடத்தில் படித்து, என்னைப் போலவே ஆங்கிலம் பேசுகிற பையன், அவன் மேலே வர வேண்டியவன் என்று என் மனதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. ஜெசிந்தா நல்லவர், கெட்டிக்காரர், இருக்கிற இடத்தில் நிறைவாக இருப்பவர் என்றும் நான்தான் எழுதி வைத்திருந்தேன், அவரைக் கேட்காமலே. அவர் வேண்டாம் என்றதும் என் எழுத்தோடு அது ஒத்துப்போயிற்று, குறி போட்டேன். டச்சு வழக்கம், தமிழ் வழக்கம் என்று இத்தனை நாள் நான் பேசியதெல்லாம் இந்த இடத்தில் நிற்கவில்லை. ஹென்க் என்னைப் பட்டினி போட்டது வழக்கத்தால். நான் ஜெசிந்தாவுக்குச் செய்தது அது இல்லை. வெட்கமாக இருந்தது.

"கேட்டிருப்பேன்" என்றேன்.

"தெரியும் சார்" என்றார்.

கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். எந்தக் காகிதத்தையும் படிப்பது போலத்தான், ஒவ்வொரு வரியாக, கடைசியில் இருக்கும் கையெழுத்துவரைக்கும். அவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டியே நினைத்துக்கொள்ளாமல் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். ஏழு வருடத்தில் இப்படிப் பார்ப்பது முதல் தடவை என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆறு மாதமாகச் சரியாகத் தூங்காத முகம்.

"இருக்கீங்களா ஜெசிந்தா?"

கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தார்.

"வேணாம் சார்."

மேலே, இரண்டாவது மாடி வராந்தாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிலோமினா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் கை மாறியதை அங்கிருந்து பார்த்துவிட்டார்.

"சார்! இன்னொரு தபா கேளு சார்!" என்று கத்தினார். குரல் உடைந்தது. "அவ அப்டித்தான் சொல்லுவா. இன்னொரு தபா கேளு சார்!"

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. ஜெசிந்தா அண்ணாந்து பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அசையாமல், கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

ஜூன் மாதம் ஃபோனில் கேட்ட சிரிப்பு அந்த முகத்தில் இல்லை. நான் கேட்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். வண்டி கிளம்பித் திரும்பும்வரை அந்த அம்மாள் மேலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.